வில் வண்டியும் பின்பக்கத் துள்ளலும்

சென்ற பிசானப் பருவ நடவின்போது, அம்பாசமுத்திரத்தில் என் பெரியப்பா மகன் வைத்திருக்கும் பழைய சரக்கு வண்டியில் ஏற மூதாட்டி ஒருவர் மறுத்துவிட்டார். மற்றப் பெண்கள் ஏற்கெனவே பின்தட்டில் அமர்ந்திருந்தனர். அவர் மட்டும் கீழே நின்றபடி, "அதுல ஏறினா இடுப்பு கழண்டுரும். நான் நடந்தே வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையோரமாக நடக்கத் தொடங்கினார். வயதோ அறுபதுக்கு மேல். வயலோ மூன்று கிலோமீட்டர் தொலைவில். போய்ச் சேர்ந்தபின் நாள் முழுவதும் குனிந்து நாற்று நட வேண்டும். அவ்வளவையும் எண்ணிப் பார்த்த பிறகும் அவருக்கு நடையே மேலானதாகப் பட்டிருக்கிறது.

அண்ணனுக்கு அது அவமானமாகிவிட்டது. இருபது ஆண்டுகள் ஓடிய வண்டி அது. தரகர் மூலம் வாங்கியது. நெல் மூட்டைகளும் வாழைத்தார்களும் ஏற்றுவது அதன் முதன்மையான தொழில். நடவுக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஆட்களும் ஏறுவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் ஏற்பதில்லை என்பது அண்ணனுக்கும் தெரியும், ஏறுகிறவர்களுக்கும் தெரியும். ஆயினும் அதிகாலையில் வயலுக்குப் போக அவர்களுக்கு வேறு வழி இல்லை. அவ்வண்டியின் பின்பக்கம்தான் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு சிறு மேடு வந்தாலும் போதும். அதைக் கடந்து வெகுதூரம் சென்ற பின்னும் அடங்காது. ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றியாயிற்று. டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. துள்ளல் குறையவில்லை.

கடைசியில் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு வண்டி போனது. விடுமுறை நாளாதலால் நானும் உடன் சென்றேன். அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் நான்கு கேள்விகள் கேட்டார். "எவ்வளவு ஏத்துவீய அண்ணாச்சி? பட்டை எத்தனை கெடக்கு? ஷாக்கு எப்போ மாத்துனீய? டயர்ல காத்து எவ்வளவு?" வீடு திரும்பிய பின் அக்கேள்விகளை நினைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அச்சு தாங்கும் பாரம், வில், துள்ளலை அடக்கும் தடை, காற்றடைத்த டயர் என்னும் அந்த வரிசை, இவை ஒவ்வொன்றும் வண்டிக்குள் வந்து சேர்ந்த வரலாற்றின் வரிசையாகவும் இருந்தது. நோய் கண்டறிந்த விதத்தை அந்த வரிசையிலேயே சொல்வது வாசகர்களுக்கு எளிதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

சேமஅச்சும் மயிற்பீலியும்

நம் பழைய இலக்கியத்தில் வண்டிகளுக்குக் குறைவில்லை. சகடம், சாகாடு, பண்டி, வண்டிகளின் வரிசையைக் குறிக்கும் ஒழுகை எனச் சொற்கள் பல. உப்பு வணிகராகிய உமணர் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற வழியெல்லாம் அவர்களது வண்டிகளின் தடம் பாடல்களில் பதிந்திருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் சேமஅச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பண்டம் மிகுதி, வழியோ மேடும் பள்ளமும். என்ன நேருமோ என்று அஞ்சி மாற்று அச்சு ஒன்றைக் கூடவே கொண்டு போயிருக்கிறார்கள். வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பேசுகிறார். பொருள் எத்துணை மென்மையானதாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் முறிவது அச்சுதான்.

இவ்விரண்டு இடங்களிலும் கவலை முழுவதும் அச்சைப் பற்றியதாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். அக்கால வண்டியில் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே வளைந்து கொடுக்கும் உறுப்பு எதுவும் இல்லை. கல்லில் சக்கரம் ஏறினால் அந்த அடி குடத்துக்குப் போகும். குடத்திலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து பாருக்கு, பாரிலிருந்து நுகத்தடி வழியாக எருதின் கழுத்துக்கு. வண்டியில் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நம் பாட்டனார்கள் பார வண்டியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரித்து அமர்ந்ததுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. எருதின் நடை மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் என்பதால் அது ஓரளவு போதுமானதாகவும் இருந்தது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பெருஞ்சுமைகளை நெடுங்காலம் சுமந்தவை இத்தகைய வண்டிகளே. 1880களில் ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டு நூற்பாலை தொடங்கியபோது இங்கே இரயில் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902லும், அங்கிருந்து செங்கோட்டை வரை 1903லும்தான் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதுவரை ஆலைக்கு வந்த பருத்தியும் ஆலையிலிருந்து போன நூலும் மாட்டு வண்டிகளையே நம்பியிருந்தன. பஞ்சுப் பொதிக்கு முதுகு வலிக்காது. ஆதலால் பார வண்டிக்கு வில் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்காரரின் முதற் கேள்விக்கு அண்ணன் சற்றுத் தயங்கியே விடை சொன்னார். வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் அளவைவிட அதிகமாகவே ஏற்றுவதுண்டு. அறுப்பு நேரத்தில் கணக்கே கிடையாது. பட்டறைக்காரர் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்.

வில் என்னும் சொல்

இரண்டாம் கேள்வி பட்டையைப் பற்றியது. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், அச்சின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் தெரியும். நீளமானது மேலே, அதனினும் குறுகியது அடுத்து, அதனினும் குறுகியது அதற்கும் கீழே என அடுக்கு படிப்படியாகச் சிறுக்கும். நடுவே ஓர் ஆணி அனைத்தையும் ஊடுருவி நிற்கும். அச்சோடு சேர்த்து யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். வளைவைப் பார்த்தவுடன் வில் என்று சொல்லத் தோன்றும். நம் முன்னோர் அப்படியே சொன்னார்கள்.

விரிவுக்கும் விசைக்கும் உள்ள விகிதத்தை இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். எவ்வளவு விசையோ அவ்வளவு வளைவு. இரு மடங்கு சுமைக்கு இரு மடங்கு தாழ்வு. இலண்டனைச் சேர்ந்த கோச்சு வண்டித் தச்சரான ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வடிவப் பட்டை வில்லுக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன்பும் எஃகு வில்கள் இருந்தன; ஆனால் வண்டியின் உடலைத் தோல்வார்களில் தொங்கவிட வேண்டியிருந்தது. எலியட்டின் முறையில் உடல் நேரே வில்லின்மேல் அமர்ந்தது. வண்டியின் எடையும் உயரமும் குறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வில் நம் மாட்டு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. இரட்டைச் சக்கரம், வளைந்த கூண்டு, அச்சின்மேல் எஃகுப் பட்டை. அதுதான் வில் வண்டி. மிராசுதாரர்களும் வழக்கறிஞர்களும் ஏறிய வண்டி. ஊரில் யாருடைய வீட்டு வாசலில் வில் வண்டி நிற்கிறது என்பது அவ்வீட்டின் நிலையைச் சொல்லிவிடும்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று செல்லலாம். ஆங்கிலத்தில் இவ்வுறுப்புக்கு வழங்கும் 'ஸ்பிரிங்' என்னும் பெயர் துள்ளுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. இந்தி உருதுவில் 'கமானி' என்பார்கள். பாரசீகத்தில் 'கமான்' என்றால் வில். தமிழிலும் மலையாளத்திலும் வில்தான். ஒரே பொருளை ஆங்கிலம் அதன் செயலைக் கொண்டும், நாம் அதன் வடிவைக் கொண்டும் அழைத்திருக்கிறோம். பிற்காலத்தில் சுருண்ட கம்பியைக் கண்டபோதும் பாடநூல்கள் அதனைச் 'சுருள்வில்' என்றே பெயரிட்டன. துள்ளல் என்னும் பொருள் நம் சொல்லில் இல்லவே இல்லை. வளைவதும் பொறுப்பதுமே அதில் உண்டு.

வில் வண்டியில் யார் ஏறலாம் என்ற கேள்விக்கு மலைக்கு அப்பால் ஒரு விடை கிடைத்தது. பாபநாசத்துக்கு மேற்கே பொதிகையைக் கடந்தால் பழைய திருவிதாங்கூர். அங்கே வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி புலையர் சமூகத்தவர். அச்சமூகத்தார் பொதுச்சாலைகளில் நடப்பதற்கே தடை இருந்த காலத்தில், 1893இல் அவர் வில் வண்டி ஒன்றை வாங்கி, தடை செய்யப்பட்ட சாலையில் அதில் அமர்ந்து ஓட்டிச் சென்றார். கேரள வரலாற்றில் 'வில்லுவண்டிப் பயணம்' என்றே அந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. அவர் நடந்து போயிருந்தாலும் அது உரிமைப் போராட்டமாகவே இருந்திருக்கும். ஆனால் வில் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். சாலையில் செல்லும் உரிமையோடு, குலுங்காமல் அமர்ந்து செல்லும் உரிமையையும் அவர் சேர்த்தே கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிர்ச்சியை எந்த உடம்பு வாங்க வேண்டும், எந்த உடம்பு வாங்க வேண்டாம் என்பதைச் சமூகம் முடிவு செய்து வைத்திருந்தது. வில் அந்த முடிவின் அடையாளமாக இருந்தது.

அண்ணனின் வண்டியில் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. முன்பு வைத்திருந்தவர் அதிகப் பாரத்துக்காகச் சேர்த்தது. இது நம் பகுதியில் பரவலான வழக்கம். வண்டி பாரத்தில் தாழ்கிறதா, இன்னொரு பட்டை போடு என்பார்கள். பட்டறைக்காரர் பட்டைகளை எண்ணிவிட்டு மறுபடியும் தலையை அசைத்தார்.

தடை என்னும் மூன்றாவது

வில்லைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வில் அதிர்ச்சியைத் தின்றுவிடுகிறது என்பதே அது. உண்மையில் வில் அதைக் கடனாக வாங்கிக்கொள்கிறது. மேட்டில் ஏறியபோது வளைந்து வாங்கிய ஆற்றலை நிமிரும்போது திருப்பிக் கொடுத்துவிடும். கொடுத்த வேகத்தில் மறுபக்கம் போய், மீண்டும் வளையும். இடையில் யாராவது அந்த ஆற்றலைச் செலவழித்தால்தான் ஆட்டம் நிற்கும். பாடநூல்களில் 'தடையுறு அலைவு' என்று படித்தது இதுதான்.

வில் வண்டியில் அந்தச் செலவைச் செய்தது பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வு. வில் வளையும்போது ஒரு பட்டை இன்னொன்றின்மேல் சிறிது வழுக்கும். வழுக்கும்போது ஆற்றல் சூடாகக் கரையும். எருதின் வேகத்துக்கு அது போதுமானது. மோட்டார் வந்ததும் போதாமற்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான த்ரூஃபோ, தட்டுகள் ஒன்றோடொன்று உராயும் தடைக்கருவி ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்டு அதனை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி ஆற்றலைக் கரைக்கும் கருவிகள் வந்தன. இன்று வண்டிகளில் இருப்பவை அவ்வகையே. இதற்கு 'ஷாக் அப்சார்பர்' என்ற பெயர் பொருந்தாது. அதிர்ச்சியை வாங்குவது வில், இது வில்லின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே. நம் பட்டறைகளில் அது 'ஷாக்கு' என்று சுருங்கிவிட்டது. வில்லுக்குத் தமிழில் பெயர் கிடைத்தது போல இதற்குக் கிடைக்கவில்லை.

மோட்டார் வண்டியின் வரலாற்றில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கியது. அக்காலப் பேருந்தும் லாரியும் ஒரே வகைச் சட்டத்தின்மேல், ஒரே வகைப் பட்டை வில்லின்மேல் கட்டப்பட்டவையே. ஆளுக்கும் சுமைக்கும் ஒரே வில்! இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முடிவில் இதற்கே வர வேண்டியிருக்கிறது.

மூன்றாம் கேள்விக்கு, ஷாக்கு மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது என்றார் அண்ணன். பட்டறைக்காரர் வெற்று வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு, மேடு பள்ளமான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டினார். உடம்பு குலுங்கியது. திரும்பி வந்ததும் வண்டியின் அடியில் கைவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். குளிர்ந்திருந்தது.

"உழைச்சிருந்தா சுடணும்லா சார்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் கரும்பலகை நிறைய எழுதியிருப்பேன். தடைக்கருவியின் வேலையே ஆற்றலைச் சூடாக மாற்றுவது. இவ்வளவு குலுங்கிய வண்டியில் அது குளிர்ந்திருந்தால் இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, கருவி கெட்டிருக்க வேண்டும். அல்லது அதற்கு வேலையே கொடுக்கப்படவில்லை. அவர் ஒரு பக்கத்து ஷாக்கைக் கழற்றிக் கையால் இழுத்தும் அழுத்தியும் பார்த்தார். இருபுறமும் சீராகத் திமிறியது. எண்ணெய்க் கசிவு இல்லை. ஆகவே முதற்காரணம் விலகியது. வண்டி துள்ளுகிறது, ஆனால் ஷாக்கு அசையவில்லை என்றால், துள்ளுவது வில் அல்ல. வேறொன்று துள்ளுகிறது.

காற்றுச் சக்கரம்

நான்காம் கேள்வி இங்கேதான் பொருள் பெற்றது. இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமம் பெற்றார், அது பரவவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடியும் கண்டறிந்து உரிமம் பெற்றபின் உலகெங்கும் பரவியது. பிற்காலத்தில் நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. 'டயர் வண்டி' வந்த பிறகு இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டிகள் மெல்ல மறைந்தன. எருதின் கழுத்துக்கு அது பெரிய ஆறுதல்.

காற்றடைத்த டயரும் ஒரு வில்தான். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். ஆனால் அதில் உராய்வு மிகக் குறைவு, தடைக்கருவியும் கிடையாது. பந்தைத் தரையில் அடித்தால் என்ன ஆகிறதோ அதுவே டயரிலும் நிகழும். மேலே உள்ள பட்டை வில்லும் ஷாக்கும் சரியாக வேலை செய்யும்போது டயரின் துள்ளல் வெளியே தெரியாது. அவை வேலையை நிறுத்திவிட்டால் வண்டி முழுவதும் டயரின்மேல் பந்துபோல் ஆடத் தொடங்கும்.

பட்டறைக்காரர் அண்ணனைப் பின் பம்பரின்மேல் ஏறி நின்று மிதிக்கச் சொன்னார். எங்களைக் கீழே பார்க்கச் சொன்னார். வண்டி ஏறி இறங்கியது. ஆனால் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மாறவே இல்லை. டயரின் பக்கவாட்டுத்தான் பிதுங்கிப் பிதுங்கி நிமிர்ந்தது.

"வில்லு செத்துட்டுது அண்ணாச்சி. டயருதான் துள்ளுது. நீங்க ஷாக்கு பத்துத் தடவை மாத்துனாலும் இது நிக்காது."

கழற்றியபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது. வயற்சேறும் நீரும் பட்டைகளுக்கு இடையே புகுந்து, ஆண்டுக்கணக்கில் துருவேறி, ஒன்பது பட்டைகளும் ஏறக்குறைய ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷாக்கிள் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டிருந்தது. பட்டை வளைந்தால் அதன் நீளம் மாறும். அந்த மாற்றத்துக்கு இடம் கொடுப்பதற்கே ஷாக்கிள் இருக்கிறது. அது அசையாவிட்டால் பட்டையாலும் வளைய முடியாது. இவற்றோடு கூடுதலாகப் போட்ட இரண்டு பட்டைகளும் சேர்ந்து வில்லைத் தடிக்கட்டையாக்கிவிட்டன. முழுப்பாரம் ஏற்றும்போது அந்த எடை துருவின் பிடியை மீறிப் பட்டையை ஓரளவு அசைத்தது. ஆகவே நெல் மூட்டைகள் சுகமாகப் போயின. மூட்டைகளை இறக்கிவிட்டு ஆட்கள் ஏறும்போது அந்தப் பிடியை அசைக்க அவர்களுடைய எடை போதவில்லை. உராய்வு குறைவாயிருந்தால் துள்ளல் அடங்காது; உராய்வு மிகுந்தால் வில்லே இல்லாமற்போகும். அளவோடு இருந்தபோது வில் வண்டியைக் காத்த உராய்வு, அளவு மீறியதும் இந்த வண்டியின் நோயாகிவிட்டது.

யாருடைய எடைக்கு?

பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்து, காரீயக் கிரீஸ் தடவி அடுக்கினார்கள். பின்னும் புஷ்ஷும் புதிதாகப் போடப்பட்டன. கூடுதல் பட்டைகளைச் சேர்க்கவில்லை. யூ போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் வந்து இறுக்கிக்கொள்ளச் சொன்னார். பட்டைகள் தம் இடத்தில் அமர்ந்தபின் அந்த இறுக்கம் தளரும். தளர்ந்தால் நடு ஆணி அறுந்துபோகும். முழுப்பாரத்துக்கு வைத்திருந்த காற்றின் அழுத்தத்தை வெற்று வண்டிக்குக் குறைத்துக்கொள்ளவும் அறிவுறுத்தினார். அதே சாலையில் மறுபடியும் ஓட்டினோம். ஷாக்கு இளஞ்சூடாக இருந்தது.

துள்ளல் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு பங்கு மிஞ்சியது. அந்தப் பங்கைப் போக்க முடியாது என்றார் பட்டறைக்காரர். ஏன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று இருக்கிறது. வில்லின் ஆட்டவேகம் அதன் விறைப்பையும் மேலுள்ள எடையையும் பொறுத்தது. எடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் இரு மடங்காகும். முழுப்பாரத்தில் பின்வில்லின்மேல் 1,600 கிலோ நிற்கிறது, வெறுமையாக 400 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாரத்தோடு நொடிக்கு ஒன்றரை முறை மெல்ல ஆடும் வண்டி, வெறுமையில் நொடிக்கு மூன்று முறை வெடுக்கென்று ஆடும். நாம் நடக்கும்போது உடம்பு ஏறியிறங்கும் வேகம் ஏறத்தாழ நொடிக்கு இரண்டு முறை. அதையொட்டிய மெல்லிய ஆட்டம் நமக்குப் பழகியது. மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையிலானதே உட்கார்ந்திருக்கும் உடம்பை மிகுதியாக வருத்துகிறது என்று பன்னாட்டுத் தர அளவைகள் வகுத்திருக்கின்றன. பட்டை இறுகி டயர்மேல் துள்ளிய வண்டி அந்த எல்லையை நெருங்கியிருக்க வேண்டும். இடுப்பு கழண்டுவிடும் என்று சொன்ன மூதாட்டி எந்தக் கருவியும் இல்லாமல் அதை அளந்துவிட்டார்.

ஆக, அந்த வில் நெல்லுக்காகச் செய்யப்பட்டது. 1986இல் வந்த டாடா 407, 2005இல் வந்து நம் ஊர்களில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் முதலிய சிறு சரக்கு வண்டிகள் இந்த நாட்டின் சந்தைகளையே மாற்றியமைத்தன. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்கிவருகிறது. அங்கே பிறந்த 'அம்பை 16' போன்ற நெல் வகைகள் களத்திலிருந்து அரவை ஆலைக்கு இப்போது இத்தகைய வண்டிகளிலேயே போகின்றன. நெல் இவ்வளவு சுகமாகப் போகும் அதே தட்டில், அதனை நட்டவர்கள் ஏறும்போது வில் அவர்களை அறியவில்லை. அவர்கள் மூட்டைகளைவிட எடை குறைந்தவர்கள் என்பதே காரணம். பட்டை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் சுமையின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்கிறோம். அதற்கான விலை ஆள் ஏறும் நாளில் தெரியும். உமணர் வண்டியில் அதிர்ச்சியை எருதின் கழுத்து வாங்கியது. வில் வண்டிக் காலத்தில் வில் யாருக்கு இல்லையோ அவர்கள் வாங்கினார்கள். இப்போது வில்லின்மேலேயே அமர்ந்து வாங்குகிறார்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். பின்பக்கம் துள்ளினால் உடனே ஷாக்கை மாற்றிவிட வேண்டாம். பாரத்தோடு துள்ளுகிறதா, வெறுமையாகவா என்று முதலில் பாருங்கள். நல்ல சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் துள்ளினால் சக்கரத்தையோ டயரையோ ஐயப்படுங்கள். மேடு ஏறியபின் ஓயாது ஆடினால், ஓட்டிவிட்டு வந்து ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், அதற்கு வேலை கொடுக்காதது எது என்று தேடுங்கள்.

நடவு முடிந்து களையெடுப்புக்கு ஆட்கள் போனபோது அந்த மூதாட்டி வண்டியில் ஏறினார். இறங்கும்போது அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

கழற்றிய கூடுதல் பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லியிருந்தார் பட்டறைக்காரர். அண்ணன் போடவில்லை. சாக்கில் சுற்றி மாட்டுத் தொழுவத்தின் மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். "அறுப்பு வருதுல்லா" என்றார்.